ஓட்டையை மூடாதீர்கள்: மெல்பேர்ண் வளவில் ஐரோப்பியக் குளவி

தம்பி கேட்டது இதுதான்: மெல்பேர்ணில் வாடகை வீடு. பின்வளவில் பழைய ஸ்லீப்பர் (தடித்த மரக்கட்டை) அடுக்கிய சுவரின் அடியில் ஒரு ஓட்டை. அதற்குள் மஞ்சளும் கறுப்புமான பூச்சிகள் ஓயாமல் போய் வருகின்றன. 3 நாளைக்கு முன் கல்லும் மண்ணும் போட்டு மூடினார். மறுநாள் ஒரு முழம் தள்ளி இன்னொரு ஓட்டை. பெற்றோல் ஊற்றிக் கொளுத்தினால் போய்விடும் என்று மாமனார் சொல்கிறார். வீட்டில் 4 வயதிலும் 7 வயதிலும் பிள்ளைகள், ஒரு நாய். என்ன செய்வது?

முதலில் பெற்றோல் கேனைத் திரும்பக் கராஜில் வையுங்கள். அடுத்தது, புதிதாக வந்த ஓட்டையை எக்காரணம் கொண்டும் மூடாதீர்கள். பிள்ளைகளும் நாயும் அந்தப் பக்கம் போகாமல் இன்றைக்கே தடுத்துவிடுங்கள். மற்றதை ஆறுதலாகப் பேசலாம். இந்த ஊரில் பெஸ்ட் கன்ட்ரோல் வேலையில் 14 வருடம் இருந்தவன் நான். பெப்ரவரி தொடக்கம் மே வரை எனக்கு வந்த அழைப்புகளில் பாதி இந்தக் குளவிக்காகத்தான். அதிலும் பாதிப் பேர் உங்களைப் போல ஓட்டையை மூடிப் பார்த்துவிட்டு அழைத்தவர்கள்.

நீங்கள் பார்த்தது ஐரோப்பியக் குளவியாகத்தான் இருக்க வேண்டும். என்றாலும் கொல்வதற்கு முன் உறுதி செய்துகொள்ளுங்கள், ஏனென்றால் வளவில் பறப்பதெல்லாம் எதிரி இல்லை. 3 மீற்றராவது தள்ளி, ஓட்டைக்கு நேர் எதிரே நிற்காமல் பக்கவாட்டில் நின்று, போன் கமராவில் பெரிதாக்கிப் பாருங்கள். உடம்பு ஏறக்குறைய 12 முதல் 15 மில்லிமீற்றர் நீளம், மினுங்கும் கடும் மஞ்சள், கறுப்புப் பட்டையும் புள்ளியும், மஞ்சள் கால், கறுத்த உணர்கொம்பு. கால்களை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு வேகமாக, நேராகப் பறக்கும். இது எல்லாம் பொருந்தினால் அதுதான்.

இங்கே எல்லோரும் இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்வது காகிதக் குளவியை. அதற்கு இடுப்பு நன்றாக ஒடுங்கியிருக்கும், உணர்கொம்பு செம்மஞ்சள் நிறம், பறக்கும்போது பின்கால்கள் கீழே தொங்கும். கூரை விளிம்பிலோ வேலியிலோ, கவிழ்த்த சிறு குடை போல, அறைகள் வெளியே தெரியும்படி கூடு கட்டும். இந்த மண்ணுக்கே உரிய இனம் ஒன்று இருக்கிறது. உங்கள் தோட்டத்துக் கோவாவைத் தின்னும் மயிர்க்கொட்டிகளைப் பிடித்துக்கொண்டு போவது அதுதான். கதவுக்கு மேலே கட்டியிருந்தால் அகற்றத்தான் வேண்டும். தோட்டத்தின் மூலையில் இருந்தால் விட்டுவிடுங்கள்.

மண்ணால் கூடு கட்டும் குளவி இன்னொன்று. ஊரில் வீட்டுச் சுவரில் குளவி மண்கூடு கட்டினால் யாருக்கோ பிள்ளை பிறக்கப் போகிறது என்று அம்மம்மா சொல்வார். அதே வகைக் குளவி இங்கேயும் உண்டு, தனியாக வாழ்வது, சிலந்தியைப் பிடித்துக் கூட்டுக்குள் அடைத்து வைப்பது, வலியப் போய்ப் பிடித்தாலொழியக் கொட்டாது. மலையகத்தில் தேயிலைக் கொழுந்து பறிப்பவர்கள் குளவிக் கொட்டுக்கு இலக்கானார்கள் என்று செய்தி வருகிறதே, அது பல நேரங்களில் மரத்தில் தொங்கும் பெரிய தேனீ. ஆக, நாம் ஊரில் குளவி என்று சொல்லிப் பழகிய எதுவும் உங்கள் ஸ்லீப்பர் சுவருக்கு அடியில் இருப்பதற்குச் சமமில்லை. கொஞ்சம் மயிர் அடர்ந்து, மண்ணிறமாகத் தெரிந்தால் அது தேனீ. அப்படியென்றால் மருந்து வேண்டாம், தேனீ வளர்ப்பவர் ஒருவரை அழையுங்கள்.

இந்த ஐரோப்பியக் குளவி இங்கே வந்த கதை கொஞ்சம் முக்கியம், ஏனென்றால் அது ஏன் இவ்வளவு பெருகுகிறது என்பது அதில்தான் இருக்கிறது. நியூசிலாந்துக்கு இது 1945இல், போர் முடியும் தறுவாயில், ஐரோப்பாவிலிருந்து விமான உதிரிப் பாகங்கள் வந்த பெட்டிகளுக்குள் உறங்கிக்கொண்டு ஹமில்டனுக்கு வந்து சேர்ந்தது. தாஸ்மேனியாவில் 1959இல் கண்டார்கள். 1970களின் பிற்பகுதியில் மெல்பேர்ணுக்கு வந்துவிட்டது. ராணிக் குளவி குளிர்காலம் முழுவதும் மரப் பலகை இடுக்கிலும் விறகுக் குவியலிலும் அசையாமல் கிடக்கும். அதைத் தூக்கி லொறியில் ஏற்றினால் அதுவும் சேர்ந்து பயணம் போகும். ஒரு ராணி போதும், தனியாகவே கூட்டைத் தொடங்கிவிடும். மேற்கு அவுஸ்திரேலியாவில் மட்டும் அரசு வேளாண் துறை வருடம் தவறாமல் கூடு தேடி அழித்து, நிலையாகக் குடியேற விடாமல் வைத்திருக்கிறது. நமக்கு அந்தக் காலம் கடந்துவிட்டது.

ஐரோப்பாவில் குளிர் வந்ததும் கூட்டில் உள்ள வேலைக்காரக் குளவிகள் எல்லாம் செத்துவிடும். புதிய ராணிகள் மட்டும் தப்பும். வருடா வருடம் பூச்சியத்திலிருந்து தொடக்கம். இங்கே குளிர் அவ்வளவு கடுமை இல்லை. அதனால் சில கூடுகள் குளிர்காலத்தையும் தாண்டி அடுத்த கோடையிலும் வளர்கின்றன. அங்கே உதைபந்து அளவில் நிற்கும் கூடு, இங்கே ஒரு மீற்றரைத் தாண்டியதும் உண்டு. சாதாரணமான ஒரு வருடக் கூட்டிலேயே கோடை முடிவில் ஆயிரக்கணக்கில் இருக்கும். நியூசிலாந்தின் தென்தீவில் நெல்சன் பக்கத்துக் காடுகளில் மரப்பட்டைப் பூச்சிகள் சுரக்கும் தேன்துளியை உண்டு, ஐரோப்பியக் குளவியும் அதன் நெருங்கிய உறவான இன்னொரு இனமும் ஹெக்டேயருக்கு 10,000 வரை பெருகுகின்றன. அந்தத் துளியை நம்பியிருந்த பறவைகளுக்குச் சாப்பாடு இல்லை.

சரி, உங்கள் ஓட்டைக்கு வருவோம். கூடு ஓட்டையில் இல்லை, அதற்குப் பின்னால் எங்கோ இருக்கிறது. சில நேரம் அரை மீற்றர், சில நேரம் அதைவிடத் தூரம். குளவிகள் உங்கள் வேலியைச் சுரண்டி, எச்சிலோடு மென்று, சாம்பல் நிறக் காகிதமாக்கி அடுக்கடுக்காகக் கட்டியிருக்கும். மத்தியானத்தில் வேலிப் பக்கம் சத்தமில்லாமல் நின்றால் அந்தச் சுரண்டல் காதில் விழும். இப்போது வாசலை மூடுகிறீர்கள். உள்ளே ஆயிரம், வெளியே இரை தேடப் போனது சில நூறு. உள்ளே இருப்பவை மண்ணைத் தோண்டும், வெளியே இருப்பவை மூடிய வாசலைச் சுற்றிக் கோபத்தோடு பறக்கும். புதிய ஓட்டை எந்தப் பக்கம் திறக்கும் என்று உங்களுக்குத் தெரியாது. உங்களுக்கு ஒரு முழம் தள்ளித் திறந்தது அதிர்ஷ்டம் என்றே சொல்வேன்.

என் மச்சானுக்கு அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. அவர் வீட்டுச் செங்கல் சுவரின் அடியில் காற்றுப் போக விட்டிருக்கும் இடைவெளியால் குளவி போய் வந்தது. நான் வேறு ஊரில் வேலையாக இருந்தேன். வந்து பார்க்கிறேன், ஒன்றும் செய்யாதே என்று சொன்னேன். அவர் கேட்கவில்லை. விரிந்து இறுகும் நுரையை ஒரு குப்பி வாங்கி, பகலிலேயே அந்த இடைவெளி முழுவதும் அடித்து அடைத்துவிட்டார். மறுநாள் காலை வரவேற்பறைக் கூரைக்குள் பதித்த டவுன்லைட் விளக்கின் ஓட்டையால் குளவி இறங்கியது. சுவரின் உள்பக்கம் நாம் போட்டிருக்கும் பிளாஸ்டர் போர்டை இந்தக் குளவி மென்று துளைத்துவிடும். மேற்பூச்சு மட்டும் மெல்லியதாக மிஞ்சியிருக்கும். சுவரில் ஈரக்கறை போலத் தெரியும், காதை வைத்தால் சரசரவென்று கேட்கும். அப்படி ஓர் இடத்தைக் கண்டால் விரலால் தட்டிப் பார்க்காதீர்கள். மச்சான் குடும்பத்தோடு 2 நாள் எங்கள் வீட்டில் இருந்தார். இன்றைக்கும் அந்தக் கதையை நான் தொடங்கினால் எழுந்து தேத்தண்ணி போடப் போய்விடுவார்.

பெற்றோல் பற்றி மாமனாரிடம் இப்படிச் சொல்லுங்கள். ஊரில் தீப்பந்தத்தால் கூடு எரித்தவர்கள் மரத்தில் தொங்கிய கூட்டை எரித்தார்கள். இது மண்ணுக்குள். ஊற்றிய பெற்றோல் கூட்டுக்குப் போவதற்குள் மண் குடித்துவிடும். ஆவி எங்கெல்லாமோ பரவும், பக்கத்தில் காய்ந்த மரச் சுவர், அதற்கப்பால் வேலி, கோடை முடிவில் காய்ந்த புல். கொளுத்தாமல் ஊற்றினாலும் மண்ணும் நிலத்தடி நீரும் பழுது. கொதிதண்ணீரும் ஹோஸ் பைப்பும் அப்படித்தான்: மேலே இருக்கிற கொஞ்சத்தை நனைத்து மற்றதைக் கிளப்பிவிடும்.

கூட்டைத் தீர்க்கும் வரை பிள்ளைகளை எப்படிப் பார்த்துக்கொள்வது என்பது மருந்தைவிட அவசரமான விஷயம். இந்தக் குளவி இரண்டு வகைச் சாப்பாடு தேடும். தன் புழுக்களுக்கு இறைச்சி, தனக்கு இனிப்பு. வசந்தத்திலும் கோடையிலும் பூச்சியையும் உங்கள் பார்பிக்யூ இறைச்சியையும் வெட்டிக்கொண்டு போகும். இப்போது மார்ச் மாதம். இலையுதிர்காலத்தில் இனிப்பின் பக்கம் வெறியோடு திரும்பும். ஆபத்து அங்கேதான். திறந்து வைத்த கோக் பேணிக்குள் குளவி இறங்கும், பிள்ளை பார்க்காமல் வாயில் வைக்கும். வாய்க்குள்ளோ தொண்டையிலோ கொட்டினால், ஒவ்வாமை இல்லாத பிள்ளைக்கும் வீக்கத்தால் மூச்சு அடைபடலாம். ஆகவே வளவில் பேணி வேண்டாம், உள்ளே தெரிகிற கிளாஸ், அல்லது மூடியும் ஸ்ட்ரோவும் உள்ள போத்தல். நாயின் சாப்பாட்டுக் கோப்பையை உள்ளே எடுங்கள், வெளியே வைத்த நாய்ச் சாப்பாடுபோல இதற்கு விருந்து வேறில்லை. அத்திப்பழம், பீச் விழுந்து கிடந்தால் தினமும் பொறுக்குங்கள். குப்பைத் தொட்டியும் கொம்போஸ்டும் மூடியிருக்கட்டும். புல்லில் வெறுங்காலோடு நடக்க விடாதீர்கள். ஒன்று வந்து சுற்றினால் கையை வீசாமல் மெதுவாக விலகப் பழக்குங்கள். நசுக்கினால் அதிலிருந்து வெளிப்படும் வாசனை மற்றவற்றைக் கூப்பிடும்.

கொட்டிவிட்டால்: தேனீ தன் கொடுக்கைத் தோலில் விட்டுவிட்டுச் செத்துப்போகும், குளவிக்கு அப்படியில்லை, ஒன்றே திரும்பத் திரும்பக் கொட்டும். அதனால் முதலில் அந்த இடத்தை விட்டு ஓடுங்கள். பிறகு கழுவி, ஐஸ் பையைத் துணியில் சுற்றி வையுங்கள். சுண்ணாம்பு, மஞ்சள் பூசுவது நம் கை வைத்தியம், பெரியவர்கள் பூசச் சொன்னால் நான் சண்டை போடுவதில்லை. ஆனால் அதைத் தேடுவதில் நேரம் போகக் கூடாது. கொட்டிய இடம் மட்டும் வீங்கி 2, 3 நாள் இருப்பது வழமை. உடம்பெல்லாம் தடிப்பு, நாக்கோ தொண்டையோ வீக்கம், குரல் கரகரப்பு, மூச்சுத் திணறல், மயக்கம், வாந்தி, சின்னப் பிள்ளை வெளிறித் துவளுதல், இவற்றில் ஒன்றைக் கண்டாலும் இங்குள்ள அவசர எண் 000 அழையுங்கள். ஆளை மல்லாக்கப் படுக்க வையுங்கள், மூச்சு விடக் கஷ்டமென்றால் காலை நீட்டி உட்காரலாம். எழுந்து நடக்க விடக் கூடாது. எபிபென் (கடும் ஒவ்வாமைக்கான ஊசி) இருந்தால் உடனே தொடையில் குத்துங்கள், அம்புலன்ஸுக்காகக் காத்திருக்க வேண்டாம். வாய்க்குள் கொட்டினால் அறிகுறி வரட்டும் என்று பார்த்திருக்காமல் 000. ஒரு முறை கடும் ஒவ்வாமை வந்தவருக்குக் குளவி நஞ்சையே சிறுகச் சிறுக ஏற்றிப் பழக்கும் சிகிச்சை இங்கே உண்டு, குடும்ப வைத்தியரிடம் ஒவ்வாமை நிபுணருக்குக் கடிதம் கேளுங்கள்.

இனி, யார் மருந்து போடுவது? வாடகை வீடு என்பதால் இன்றைக்கே ஏஜென்டுக்கு மின்னஞ்சல் எழுதுங்கள், படத்தோடு. தொலைபேசியில் சொன்னது பிறகு காற்றோடு போய்விடும். கவுன்சில் பொதுவாகப் பூங்காவிலும் நடைபாதையிலும் உள்ள கூட்டைத்தான் அழிக்கும். தனியார் வளவு உரிமையாளர் பொறுப்பு. ஆனால் கவுன்சிலுக்குக் கவுன்சில் நடைமுறை மாறும், ஒரு அழைப்பில் கேட்டுவிடலாம். உங்கள் நிலைமைக்கு என் யோசனை, உரிமம் உள்ள ஆளையே கூப்பிடுங்கள். அந்தத் தொழிலில் இருந்தவன் என்பதால் சொல்லவில்லை. நீங்கள் ஏற்கெனவே ஒரு முறை கிளப்பிவிட்ட கூடு, ஸ்லீப்பர் சுவருக்குப் பின்னால் எந்தப் பக்கம் போகிறது என்று தெரியாத கூடு, வீட்டில் சின்னப் பிள்ளைகள். சுவருக்குள்ளோ கூரைக்குள்ளோ கூடு இருந்தாலும், வீட்டில் ஒருவருக்கு ஒவ்வாமை இருந்தாலும், இதே பதில்தான்.

வெட்டவெளியில், புல்தரையில், ஓட்டை தெளிவாகத் தெரிகிற சின்னக் கூடென்றால் கவனமான ஆள் தானே செய்யலாம். இதை வாசிக்கிற மற்றவர்களுக்காக எழுதுகிறேன். ஹார்ட்வெயார் கடையில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லித் தூள், அமுக்கினால் புகைபோல வரும் பிளாஸ்டிக் போத்தலில் கிடைக்கும். ஐரோப்பியக் குளவிக்கு என்று லேபிளில் எழுதியிருக்க வேண்டும். ஸ்பிரே வாங்காதீர்கள், அது வாசலில் நிற்பவற்றை மட்டும் விழுத்தும். தூளோ வாசலில் படிந்து, போய் வரும் ஒவ்வொரு குளவியின் காலிலும் ஒட்டி, ராணி இருக்கிற இடம் வரை போகும். வாசலை மூடக் கூடாது என்பதற்கு இரண்டாவது காரணமும் இதுதான், அவை நடமாடினால்தான் மருந்து உள்ளே போகும். பெர்மெத்ரின் பூனைக்கும் மீனுக்கும் நஞ்சு. பூனை வளர்ப்பவர்கள் அடைத்து வையுங்கள்.

பகலில் தூர நின்று ஓட்டையை நன்றாகப் பார்த்து மனதில் வையுங்கள், போகும் வழியில் காலைத் தட்டும் சாமான்களை எடுத்துவிடுங்கள். இருட்டி 1 மணி நேரமாவது போகட்டும், மார்ச்சில் இரவு 9 மணிக்குப் பிறகு. அப்போதுதான் எல்லாம் வீடு திரும்பியிருக்கும், குளிரில் மந்தமாகவும் இருக்கும். இரண்டு அடுக்கு உடுப்பு, கால்சட்டையைச் சப்பாத்துக்கு மேல் டேப் போட்டுச் சுற்றி, கையுறை, தேனீ வளர்ப்பவர் போடும் வலைத் தொப்பி. கையில் டோர்ச் பிடித்துக்கொண்டு போகாதீர்கள், குளவி வெளிச்சத்தை நோக்கித்தான் வரும். டோர்ச்சில் சிவப்புத் தாள் ஒட்டி, தள்ளி நிலத்தில் வையுங்கள். இரவிலும் வாசலில் காவல் இருக்கும், அதனால் குனிந்து உள்ளே எட்டிப் பார்க்கிற ஆசை வேண்டாம். ஓட்டைக்குள்ளும் விளிம்பிலும் தூளை ஊதிவிட்டு, நின்று வேடிக்கை பார்க்காமல் திரும்பி நடந்துவிடுங்கள்.

இணையத்தில் சொல்கிற குறுக்குவழிகளில் ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். நாய்க்குப் போடும் தெள்ளு மருந்தை இறைச்சியில் கலந்து வைத்தால் குளவி கூட்டுக்கு எடுத்துப்போகும் என்று ஒரு யோசனை சுற்றுகிறது. நியூசிலாந்தில் வெஸ்பெக்ஸ் என்ற புரத இரை இருப்பது உண்மை. அதில், சில தெள்ளு மருந்துகளில் இருக்கிற ஃபிப்ரோனில் என்ற பூச்சிக்கொல்லி மிகச் சிறிய அளவில் இருக்கிறது, இனிப்பு இல்லாததால் தேனீ தொடாது, பயிற்சி பெற்றவர்களுக்கு மட்டும் விற்கிறார்கள், பிரத்தியேகப் பெட்டியில் வைக்கிறார்கள். அதைப் பார்த்துக் குசினியில் கலக்குவது லேபிளுக்கு மாறானது. கண்ட இடத்தில் வைத்த அந்த இறைச்சியைப் பக்கத்து வீட்டு நாயோ மக்பை குருவியோ தின்னும். ஜாம் தண்ணீர் போத்தல் பொறி சிலதைப் பிடிக்கும், கூட்டுக்கு அது கணக்கே இல்லை. வைத்தால் சாப்பிடும் இடத்திலிருந்து தூரத்தில். குளவியை விரட்டும் என்று நம்பிக் கூரையில் தொங்கவிடும் பொய்க் கூட்டை நான் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன், ஒரு வீட்டில் அதற்கு நேர் கீழேயே நிலத்தில் உண்மைக் கூடு இருந்தது.

மருந்து போட்ட மறுநாள் போக்குவரத்துக் குறையும், 2 நாளில் பெரும்பாலும் நின்றுவிடும். நிற்காவிட்டால் மறுபடி இரவில் ஒரு முறை. ஓட்டையில் ஒன்றும் இல்லை, ஆனால் வளவில் இன்னும் குளவி சுற்றுகிறது என்றால் வேறொரு கூடு இருக்கிறது. அவை சில நூறு மீற்றர் தூரத்திலிருந்தும் வரும். அதைத் தேட ஒரு துண்டுப் பச்சைக் கோழியைத் தட்டில் வைத்து வெளியான இடத்தில் வையுங்கள். காலையோ பின்னேரமோ வெயில் சாய்ந்திருக்கும்போது, வெயிலுக்கு எதிராகப் பார்த்தால் பறக்கிற குளவி மினுங்கும். இறைச்சியை வெட்டிச் சுமந்தது கூட்டுக்கு நேர் கோட்டில் போகும். அந்தத் திசையைக் குறித்துவிட்டுத் தட்டை 20, 30 மீற்றர் பக்கவாட்டில் மாற்றி மறுபடி பாருங்கள். இரண்டு கோடும் வெட்டும் இடத்தில் போய்த் தேடினால் போதும். என் 14 வருடத்தில் இந்த வேலை அலுத்ததேயில்லை. பக்கத்து வீட்டில் போய் முடிந்தால் கதவைத் தட்டிப் பண்பாகச் சொல்லுங்கள், அநேகமாக அவர்களுக்குத் தெரிந்திருக்காது.

செப்டெம்பர், ஒக்டோபரில் ராணிகள் விழித்து இடம் தேடும். அப்போது கராஜிலோ விறகுக் குவியலிலோ தனியாக ஒரு பெரிய குளவியைக் கண்டால் அதை அடிப்பது ஒரு கூட்டையே அடிப்பதற்குச் சமம்.

உங்கள் சுவரடி ஓட்டையில் ஒரு கிழமை முழுக்க ஒன்றும் போகவில்லை, வரவில்லை என்று உறுதியான பிறகு கல்லும் மண்ணும் போட்டு இறுக்கி மூடலாம். கூட்டைத் தோண்டி எடுக்கத் தேவையில்லை, மருந்துத் தூள் படிந்தது, பிள்ளைகள் கையில் படவும் கூடாது. மூடுகிற வேலையை மாமனாரிடமே கொடுங்கள், பெற்றோல் வேண்டாமென்று சொன்னதில் மனிதருக்கு மனஸ்தாபம் இருக்கும்.